பாலைவனப் பாதையில் நாயோடு 11 கி.மீ.: தண்ணீர், ஷூ, நேரம் எப்படிக் கணக்குப் போடுவது?

புதுத்தடம் (கேள்வி):

வணக்கம். பாலைவனப் பாதை ஒண்ணுல நாயோட அரைநாள் நடை போகலாம்னு திட்டம். "எல்லாம் சூழலைப் பொறுத்தது"ன்னு பதில் வந்துடக்கூடாதுன்னு விவரம் முழுக்கக் கொடுத்துடறேன்.

நாய்: பெண், 4 வயசு, 22 கிலோ, கலப்பினம். நீள மூக்கு, கறுப்பு நிறம், மேல் ரோமத்துக்கு அடியில மெத்துன்னு இன்னொரு அடுக்கு ரோமம் உண்டு. தினமும் ஒரு மணி நேரம் நடப்பா. மேடு பள்ளத்துல 8 கி.மீ. வரைக்கும் பிரச்சினை இல்லை.

பாதை: போக 5.5, வர 5.5. முதல் 3.5 கி.மீ. வறண்ட ஓடைப் படுகை, கால் புதையற மணல். அதுக்கப்புறம் 2 கி.மீ. பாறை ஏற்றம், உயரம் சுமார் 300 மீட்டர். நிழல் இல்லை, தண்ணீர் இல்லை. கள்ளியும் முள்புதரும் தாராளம்.

வெயில்: விடியற்காலை 14 டிகிரி செல்சியஸ், மதியம் 31. சூரிய உதயம் 6 மணி.

தெரிய வேண்டியது: அவளுக்கு மட்டும் எத்தனை லிட்டர்? ஷூ போடணுமா வேண்டாமா (ரெண்டு விதமாவும் சொல்றாங்க)? முதுகுப்பை மாட்டி அவ தண்ணீரை அவளையே சுமக்க வைக்கலாமா? முள், பாம்பு விஷயத்துல என்ன எடுத்துட்டுப் போகணும்? எந்த இடத்துல "போதும், திரும்பு"ன்னு முடிவெடுக்கறது?

---

கல்தடம்:

நேரத்திலிருந்து ஆரம்பிக்கலாம். எத்தனை மணி நேரம் வெளியில் இருப்பீர்கள் என்று தெரியாமல் லிட்டர் கணக்குப் போட்டால் அது வெறும் ஊகம்.

கால் புதையும் மணலில் மணிக்கு 3 கி.மீ. போனாலே நல்ல வேகம். ஆக, போகும்போது மணலுக்கு 1 மணி 10 நிமிடம், ஏற்றத்துக்கு 1 மணி. இறங்க 40 நிமிடம். இறக்கத்தில் உடம்பின் எடை முழுக்க முன்னங்கால் பாதங்களில் விழும். அங்கேதான் தோல் உரியும், அவசரப்படுத்த வேண்டாம். திரும்ப மணல் 1 மணி 10. மொத்தம் 4 மணி நேரம். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீருக்கும் பாதம் பார்க்கவும் நிற்பீர்கள், அது அரை மணிக்கு மேல் ஆகும். நாலரை மணி நேரம் என்று வையுங்கள்.

வெளிச்சம் எட்டிப்பார்க்கும் 5.35-க்குக் கிளம்பினால் 10 மணியைத் தாண்டித்தான் வண்டிக்கு வருவீர்கள். சிக்கல் அந்தக் கடைசி ஒரு மணி நேரத்தில் இருக்கிறது. களைத்த நாய், முழு வெயில், மறுபடி மணல். நீங்கள் சொல்லும் 31 டிகிரி, நிழலில் ஆள் உயரத்தில் அளந்த காற்றின் வெப்பம். நாயின் வயிறு தரையிலிருந்து ஒன்றரை அடிக்குள் இருக்கிறது. மேலே வெயில், கீழே மணலிலிருந்து ஏறும் அனல் என்று இரண்டு பக்கமும் வாங்கும். காற்று 31 இருக்கும் நாளில் நடுப்பகல் மணலின் மேற்பரப்பு 50-ஐத் தாண்டுவது சகஜம். கறுப்பு ரோமம் இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும்.

அதனால் திரும்பும் இடத்தை முடிவு செய்ய வேண்டியது உச்சி அல்ல, கடிகாரம். காலை 8 மணிக்கு எங்கே நிற்கிறீர்களோ அங்கேயே திரும்புங்கள், உச்சி இருநூறு மீட்டரில் தெரிந்தாலும். ஐந்து பத்து நிமிடம் என்று தள்ளிக்கொண்டே போனால் அந்த நிமிடங்களெல்லாம் 10 மணி வெயிலில்தான் போய்ச் சேரும்.

சாயங்காலம் போகலாமே என்று தோன்றும். மணல் சீக்கிரம் ஆறிவிடும், பாறை ஆறாது. சூரியன் மறைந்து ஒரு மணி நேரம் கழித்தும் கரும்பாறை கையைச் சுடும். பாறை ஏற்றம் உள்ள உங்கள் பாதைக்கு விடியல்தான் சரி.

இப்போது தண்ணீர். வீட்டில் சும்மா இருக்கும் நாய்க்கே நாளுக்குக் கிலோவுக்கு 50 முதல் 60 மி.லி. தேவை, 22 கிலோவுக்கு 1.1 முதல் 1.3 லிட்டர். நாய் உடம்பைக் குளிர்விப்பது பெரும்பாலும் நாக்கும் மூச்சும்தான், வியர்வை பாதத்தில் மட்டும் கொஞ்சம். வறண்ட காற்றில் இரைக்க இரைக்க ஈரம் பறந்துவிடும். காற்று காய்ந்திருப்பதால் இரைப்பு நன்றாக வேலை செய்யும், ஆனால் அதற்கு விலை தண்ணீர். நடக்கும் நேரத்தில் இந்த எடைக்கு மணிக்கு 350 முதல் 400 மி.லி. என்று பிடித்தால், நாலரை மணிக்கு ஏறத்தாழ 1.8 லிட்டர். 2 லிட்டர் குடிக்க. அதைத் தொடாமல் இன்னொரு 1.5 லிட்டர்: உடம்பை நனைக்க, கண் கழுவ, காயம் கழுவ. ஆக அவளுக்கு 3.5. உங்களுக்கும் அதே அளவு. தோளில் 7 கிலோ. கனமாகத் தெரிந்தால் பாதையைக் குறையுங்கள், தண்ணீரைக் குறைக்காதீர்கள். வண்டியில் தனியாக 5 லிட்டர் குளிர்பெட்டிக்குள் இருக்கட்டும். வெறுமனே வைத்தால் திரும்பும்போது அது வெந்நீர்.

திரும்பும்போதுதான் அதிகம் குடிப்பாள். எனவே 8 மணிக்கு அவளுடைய 2 லிட்டரில் 1.2 லிட்டராவது மிச்சம் இருக்க வேண்டும். அதற்கு முன்பே அந்தக் கோட்டுக்கு வந்துவிட்டால் அங்கேயே திரும்பல்.

கொடுக்கும் விதம்: 20 நிமிடத்துக்கு 100 முதல் 150 மி.லி. தாகம் எடுக்கும்வரை விட்டு மொத்தமாக ஒரு லிட்டர் வைத்தால் மடமடவென்று குடித்துவிட்டு அப்படியே வாந்தி எடுப்பாள். குடித்ததும் போச்சு, முன்பு இருந்ததும் போச்சு. மடக்கும் சிலிக்கான் கிண்ணம் நல்லது. மிச்சத்தை மணலில் கொட்டாமல் "நாய் எச்சில்" என்று குறித்த ஒரு தனி பாட்டிலில் திருப்பி ஊற்றுங்கள், நாலரை மணி நேரத்தில் அதுவே அரை லிட்டர் மிச்சம்.

புது இடத்தில் மோப்பத்தில் மயங்கிக் குடிக்க மறுக்கும் நாய்கள் உண்டு. உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்காமல் இறைச்சி வேகவைத்த நீர் இரண்டு ஸ்பூன் கலந்தால் வாய் வைக்கும். மனிதர்கள் குடிக்கும் விளையாட்டு பானங்கள் வேண்டாம். சர்க்கரையில்லாத வகைகளில் சைலிடால் என்னும் மாற்று இனிப்பு இருந்தால் அது நாய்க்கு விஷம்.

ஓடைப் படுகையில் நடப்பதால் ஒன்று: மேலே வானம் நீலமாக இருந்தாலும், பல மைல் தள்ளி மலையில் மழை பெய்தால் படுகையில் திடீர் வெள்ளம் வரும். முந்தைய நாள் நீர்ப்பிடிப்புப் பகுதியின் வானிலையையும் பாருங்கள்.

---

நாலுகால்:

ஷூ விஷயத்துல ரெண்டு விதமா சொல்றாங்கன்னா காரணம் இருக்கு. ரெண்டு வேற வேற வேலைக்குப் போடறதை ஒண்ணாக் குழப்பிக்கறாங்க.

கூர் பாறை, நெருஞ்சி, கள்ளித் துண்டு: இதுக்கு ஷூ போடுங்க. சுடற தரை: இதுக்கு ஷூ போட்டுக் கூட்டிட்டுப் போகாதீங்க. ஷூ போட்டாத்தான் நடக்க முடியும்னு இருக்கற தரையில, பாதம் பத்திரமா இருக்கும், நாய் சுருண்டு விழும். பாதம் சுடறதுதான் அது நமக்குக் காட்டற முதல் அடையாளம், அதையும் ரப்பர் போட்டு மூடிட்டா அப்புறம் எதை வெச்சுக் கண்டுபிடிப்பீங்க?

தரைச் சோதனை: புறங்கையைத் தரையில வெச்சு ஏழு எண்ணணும். நிழல்ல இல்ல, வெயில் விழற மணல்ல ஒரு தடவை, கரும்பாறையில ஒரு தடவை. ஏழு வரைக்கும் கையை வெச்சிருக்க முடியலைன்னா நடை முடிஞ்சது. உள்ளங்கையால பாக்காதீங்க, அது காய்ச்சுப் போன தோல், பொய் சொல்லும்.

இந்தப் பாதைக்கு என் கணக்கு: காலையில முதல் மணல் பகுதிக்கு வெறுங்கால். நகமும் விரலும் விரிஞ்சு மணல்ல நல்லாப் பிடிக்கும். பாறை ஆரம்பிக்கற இடத்துல நாலு காலுக்கும் ஷூ. திரும்பி மணலுக்கு வந்ததும் கழட்டுங்க, ஏன்னா பொலபொல மணல் வாய் வழியா உள்ள புகுந்து உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். மணல்ல நெருஞ்சி இருந்தா வேற வழியில்ல, போட்டே ஆகணும்; 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை கழட்டித் தட்டிட்டு மாட்டுங்க.

அளவு எடுக்கறது: ஒரு தாள் மேல முன்கால் நிக்கட்டும், மறுபக்கத்து முன்காலை நீங்க தூக்கிப் பிடிங்க. முழு எடையும் இறங்கினாத்தான் பாதம் எவ்வளவு விரியும்னு தெரியும். ரெண்டு ஓரத்துலயும் பென்சில் கோடு, நடுவுல இருக்கற அகலம்தான் அளவு. பின்னங்காலுக்குத் தனியா எடுக்கணும். பெரும்பாலும் அது ஒரு சைஸ் சின்னது. நாலும் ஒரே சைஸ்ல வாங்கினா பின்கால் ஷூ முதல் கிலோமீட்டர்லயே காணாமப் போகும்.

பட்டை: பாதத்துக்கு மேல கால் ஒடுங்கற இடத்துல, ஒரு விரல் நுழையற இறுக்கம். முன்கால் உள்பக்கம் தொங்கற அந்த ஒத்தை நகம் இருக்கே, பட்டை அங்க உரசினா ஒரு மணி நேரத்துல ரத்தம் வரும். உள்ள மெல்லிசா ஒரு சாக்ஸ், இல்ல தன்னோட தானே ஒட்டற கட்டுத்துணி ஒரு சுத்து. நகத்தை ஒரு வாரம் முன்னாடியே வெட்டிடுங்க. நீள நகம் ஷூ முனையைக் கிழிக்கும், இறக்கத்துல நகமே பின்னால மடங்கும்.

பழக்கறதுக்குக் குறைஞ்சது பத்துப் பதினாலு நாள். முதல் நாள் வீட்டுக்குள்ள அஞ்சு நிமிஷம். குதிரை மாதிரி காலைத் தூக்கித் தூக்கி வெப்பா, சிரிச்சு முடிச்சுட்டு விளையாட்டுல இழுத்துடுங்க, மறந்துடுவா. கடைசில அரை மணி வெளியில நடக்கணும். அன்னிக்குப் போட்டு அன்னிக்கே மலை ஏத்தறது வேலைக்கு ஆகாது. நாலு இல்ல, ஆறு ஷூ எடுத்துட்டுப் போங்க.

மெழுகுப் பூச்சு விக்கறாங்க. வெடிப்பு வராமக் காக்கும், அவ்வளவுதான். சூட்டைத் தடுக்காது. பாதத்தைப் பழக்கணும்னா கரடுமுரடான தரையில ஆறு எட்டு வாரம் கொஞ்சம் கொஞ்சமா நடக்க வைக்கறதுதான் வழி.

நிக்கற ஒவ்வொரு தடவையும் பாதம் பாருங்க. பாக்கறதுன்னா மேலோட்டமா இல்ல. காலைப் பின்னால மடக்கி, பெரிய மெத்தைக்கும் விரல் மெத்தைக்கும் நடுவுல கட்டைவிரலை விட்டு விரிச்சு, ஒவ்வொரு இடுக்கா வருடுங்க. நெருஞ்சி முள் பாதி உடைஞ்சு ரோமத்துக்குள்ள உக்காந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தட்டுப்படும். நாய் நொண்டற வரைக்கும் காத்திருக்காதீங்க. அடிக்கடி நின்னு ஒரே பாதத்தை நக்கறது, எப்பவும் முன்னால போறவ உங்க காலுக்குப் பின்னால வர்றது, அடி சின்னதாகறது: இதெல்லாம் நொண்டறதுக்கு அரை மணி முன்னாடி வரும்.

மெத்தை உரிஞ்சுட்டா: தண்ணியில கழுவி, ஒட்டாத காஸ், மேல பஞ்சு, அதுமேல கட்டுத்துணி, கடைசில ஷூ. கட்டுப் போடும்போது நடு ரெண்டு விரல் நுனி வெளிய தெரியட்டும். அது வீங்கினாலோ சில்லுன்னு இருந்தாலோ கட்டு இறுக்கம். தொங்கற தோலை அங்கேயே வெட்டாதீங்க.

கடைசியா ஒரு கேள்வி உங்களுக்கு: 22 கிலோவை 3 கி.மீ. மணல்ல தூக்க முடியுமா? முடியாதுன்னா தூக்குத்துணி ஒண்ணு பையில இருக்கணும். தோள்ல குறுக்கே மாட்டற மாதிரி வர்றது 300 கிராம்கூட இருக்காது. வீட்டுலயே ஒரு தடவை மாட்டிப் பழக்கிடுங்க.

---

புதுத்தடம்:

ரெண்டு பேருக்கும் நன்றி. 8 மணி விஷயம் குறிச்சு வெச்சுட்டேன். ஆனா 7 கிலோ தண்ணீர், மத்த சாமான்லாம் சேர்ந்து 11 கிலோ வருது. அவ முதுகுல ரெண்டு பக்கமும் ஒரு லிட்டர் ஒரு லிட்டரா மாட்டினா என்ன? எடையில 10 சதவீதம்னா 2.2 கிலோ சுமக்கலாம்னு படிச்சேன்.

அப்புறம் ரெட்டை ரோமத்தை ஒட்ட வெட்டிடலாமான்னும் ஒரு யோசனை.

---

கல்தடம்:

10 சதவீதம் என்பது சரிதான், பழகின நாய் அதற்கு மேலும் சுமக்கும். ஆனால் அது குளிர்ந்த காட்டுப் பாதைக் கணக்கு. பாலைவனத்தில் எடையைவிடப் பெரிய தொல்லை அந்தப் பை முதுகையும் விலாவையும் மூடிவிடுவது. காற்றுப்பட வேண்டிய இடத்தில் ஒரு போர்வை. தண்ணீர் குறையக் குறைய ஒரு பக்கம் சாய்ந்து பட்டை அக்குளில் அறுப்பது வேறு. மழைக்காலம் முடிந்து பகலிலேயே 18 டிகிரிதான் என்னும் நாளில் மாட்டுங்கள். இந்த நடைக்கு வேண்டாம். மேலே கைப்பிடி வைத்த சாதாரண ஹார்னஸ் (மார்பைச் சுற்றி மாட்டும் பட்டை) போதும். பாறையில் ஏற்றி இறக்க அந்தக் கைப்பிடிதான் உதவும்.

ரோமம் வெட்டாதீர்கள். மேல் ரோமம் வெயிலைத் தோலில் விழாமல் தடுக்கிறது. அடிரோமத்தில் உதிர்ந்து சிக்கியிருப்பதை மட்டும் நன்றாகச் சீவி எடுங்கள், அது போனாலே காற்று உள்ளே புகும்.

---

முள்வேலி:

முள்ளுக்கு வருகிறேன். எந்தப் பாலை என்பதைப் பொறுத்து எதிரி மாறும். ஆப்பிரிக்கா முதல் அரேபியா, தார் வரை என்றால் வேல மரத்து முள்ளும் நெருஞ்சியும். அமெரிக்க, மெக்சிகோ பாலைகள் என்றால் கள்ளிகள். நெருஞ்சி அங்கேயும் குடியேறிவிட்டது, அதற்கு எல்லை கிடையாது.

கள்ளிகளில் மோசமானது சோல்லா. 'சோயா' என்றுதான் உச்சரிப்பார்கள். அது பாய்ந்து வந்து ஒட்டும் என்று ஒரு கதை உண்டு, பாய்வதில்லை. கணுக்கள் அவ்வளவு லேசாகப் பொருந்தியிருப்பதால் ரோமம் உரசினாலே ஒரு துண்டு கழன்று ஒட்டிக்கொள்ளும். முள்ளில் பின்னோக்கிய நுண் செதில்கள் இருப்பதால் நுழைவது சுலபம், வெளியே வருவது வலி. நாயின் முதல் வேலை அதை வாயால் பிடுங்கப் பார்ப்பது. அப்புறம் உதடு, நாக்கு, மறு கால் என்று பரவிவிடும். எனவே ஒட்டியதும் செய்ய வேண்டியது முள்ளைத் தொடுவதல்ல, தலையைப் பிடிப்பது. லீஷைக் குட்டையாகச் சுற்றி, வாயை அந்தக் காலுக்கு எதிர்ப்புறம் திருப்பி வையுங்கள்.

அகலப் பல் சீப்பு ஒன்றைத் தோலுக்கும் கள்ளித் துண்டுக்கும் நடுவில் நுழையுங்கள். பற்கள் தோலோடு படிந்திருக்க வேண்டும். ஒரே வெட்டாக வெளிப்பக்கம் தள்ளி எறியுங்கள். மெதுவாக நெம்பினால் துண்டு உருண்டு வேறிடத்தில் குத்தும். எறியும் திசையில் உங்கள் காலும் இருக்கக் கூடாது. பெரிய துண்டு போனபின் தோலில் நிற்கும் தனி முட்களைச் சிறு குறடால் தோலை ஒட்டிப் பிடித்து, எந்தச் சாய்வில் குத்தியதோ அதே சாய்வில் இழுங்கள். ஷூ போட்டிருந்தாலும் முழங்காலிலும் விலாவிலும் ஒட்டும், அதனால் சீப்பு பையின் வெளி அறையில் இருக்கட்டும். வாய்க்குள், தொண்டையில், கண்ணருகே குத்தியிருந்தால் நீங்கள் கை வைக்க வேண்டாம். மயக்கம் கொடுத்து மருத்துவர்தான் எடுக்க வேண்டும்.

சப்பாத்திக்கள்ளி வேறு ரகம். பெரிய முள்ளைவிட, அதன் அடியில் கொத்தாக இருக்கும் தூசி போன்ற பூமுட்கள்தான் தொல்லை. தேய்த்தால் உள்ளே இறங்கும். அகலமான ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று உரியுங்கள். மூன்று நான்கு தடவை புது நாடா. மிச்சத்துக்கு ட்வீசர்.

பாம்பு. லீஷ் 1.8 மீட்டர், நீளம் மாறாத வகை. சுருள்விட்டு நீளும் லீஷ் பாலைவனத்துக்கு ஆகாது. புதருக்குள் மூக்கை விட்டபின் இழுப்பதற்குள் நேரம் போய்விடும். வெயில் காலத்தில் பாம்புகள் நடமாடுவது நீங்கள் நடக்கும் அதே அந்தி, விடியல் நேரங்களில்தான். அதனால்தான் இருட்டில் கிளம்பாமல் கண் தெரியும் வெளிச்சத்தில் கிளம்பச் சொல்கிறோம். அமெரிக்கக் கண்டங்களில் கிலுகிலுப்பைப் பாம்பு, இந்தப் பக்கம் சுருட்டை விரியன். இரண்டுமே சத்தம் கொடுக்கும். முன்னது வால் நுனியை ஆட்டி, பின்னது செதில்களை உரசி. ஆனால் எச்சரித்துவிட்டுத்தான் கடிக்கும் என்று எந்த ஒப்பந்தமும் கிடையாது.

கடித்துவிட்டால்: கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது நான்கும் வேண்டாம். முகத்தில் கடித்திருந்தால் கழுத்துப் பட்டையை உடனே கழற்றுங்கள், வீக்கம் கழுத்துக்கு இறங்கும். தூக்கிக்கொண்டு நடங்கள், அவளை நடக்கவிடாதீர்கள். பாராசிட்டமால், இப்யூபுரூஃபன் இரண்டும் நாய்க்கு ஆபத்து. உங்கள் மருந்துப் பையிலிருந்து வலி மாத்திரை எதுவும் போக வேண்டாம். விஷமுறிவு மருந்து வைத்திருக்கும் கால்நடை மருத்துவமனை எது, விடியற்காலையில் திறந்திருக்குமா என்று கிளம்புவதற்கு முந்தின நாளே தொலைபேசியில் கேட்டு வையுங்கள். எல்லா இடத்திலும் இருக்காது.

வளை தோண்டவிடாதீர்கள். தேள் ஒரு காரணம். அமெரிக்கத் தென்மேற்கு, மெக்சிகோ மண்ணில் காக்சிடியாய்டிஸ் என்னும் பூஞ்சை உண்டு, தூசியோடு மூக்கில் ஏறினால் நுரையீரல் காய்ச்சல். சில வாரம் கழித்து இருமல், நொண்டல், எடை குறைதல் என்று வரும். அப்போது மருத்துவரிடம் "இந்தப் பாலையில் நடந்தோம்" என்று சொல்லாவிட்டால் யாருக்கும் அது தோன்றாது.

---

வெயில்மானி:

வெப்பத் தாக்கு பற்றி இதுவரை யாரும் முழுதாக எழுதவில்லை என்பதால் சேர்க்கிறேன். பழைய அறிவுரைகள் சில இன்றும் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

நாயின் இயல்பான உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி. நடக்கும்போது 40-ஐ ஒட்டிப் போகலாம், ஓய்வில் இறங்க வேண்டும். 41-ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் கெடத் தொடங்கும். ஆசனவாயில் வைக்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று பையில் இருக்கட்டும். மூக்கு ஈரமா, காது சூடா என்பதெல்லாம் அளவீடு ஆகாது.

முதலில் கவனிக்க வேண்டியது நாக்கின் வடிவம். சாதாரண இரைப்பில் நாக்கு நீளமாகத் தொங்கும். உடம்பு தோற்கத் தொடங்கும்போது நாக்கின் நுனி கரண்டி போல அகன்று, ஓரங்கள் மேல் நோக்கிச் சுருளும். கண்ணில் பட்ட புதரடிக்கெல்லாம் போய்ப் படுக்கப் பார்ப்பாள். அங்கேயே நிறுத்துங்கள். பத்து நிமிட நிழல் ஓய்வில் இரைப்பு அடங்கவில்லை என்றால் ஏற்றம் ரத்து. நிழல் இல்லாத பாதை என்பதால் ஒளியைத் திருப்பும் வெள்ளித்தாள் விரிப்பு ஒன்றும், அதை நிறுத்த இரண்டு நடைக்கோல்களும் அவசியம். விரிப்பு தரையைத் தொடாமல் நான்கு பக்கமும் காற்றுப் போகட்டும்.

அடுத்த கட்டம்: ஈறு செங்கல் சிவப்பு, எச்சில் கெட்டியாகக் கயிறு போல், தள்ளாட்டம், வாந்தி. ஈறை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும்.

அந்த நிலையில் முதலில் குளிர்வித்தல், பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓட்டம். கையிலுள்ள தண்ணீரை வயிறு, அக்குள், தொடையிடுக்கு, மார்பு என்று தோல் நனையும்படி ஊற்றி ரோமத்தைக் கைவிட்டு அலைத்து, தொப்பியாலோ விரிப்பாலோ விடாமல் விசிறுங்கள். நனைத்த துணியை மேலே போர்த்திவிடுவது தவறு; சில நிமிடத்தில் துணி சூடாகி, ஆவி வெளியேறாமல் அடைத்துக்கொள்ளும். குளிர்ந்த நீர் கூடாது, ரத்தக்குழாய் சுருங்கிவிடும் என்று சொல்வதும் பழைய பாடம். நாயைவிடக் குளிர்ந்த எந்த நீரும் உதவும். நினைவிருந்தால் சிறிது குடிக்கட்டும். நினைவில்லாத நாயின் வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குப் போகும். வெப்பம் 39.4-க்கு வந்ததும் நனைப்பதை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் இயல்புக்குக் கீழே இறங்கிவிடும்.

எழுந்து வாலை ஆட்டினாலும் அன்றே மருத்துவமனை. சிறுநீரகம், ரத்தம் உறைதல் சம்பந்தமான கோளாறுகள் ஒன்று முதல் மூன்று நாள் கழித்துத்தான் தலைகாட்டும்.

குளிர்ச்சி அங்கி வாங்க எண்ணினால்: வறண்ட காற்றில் நன்றாக வேலை செய்யும், ஈரம் இருக்கும்வரை. காய்ந்துவிட்டால் அது வெறும் சட்டை. மீண்டும் நனைக்க ஆகும் தண்ணீரைக் கல்தடம் சொன்ன கணக்கில் கூட்டிக்கொள்ளுங்கள், இல்லையேல் அங்கியே வேண்டாம்.

மூக்கு சப்பையான இனங்களுக்கு, பக், புல்டாக் போல, இந்தப் பாதையே பொருந்தாது. உங்கள் நாய்க்கு அந்தத் தடை இல்லை. ஆனால் குளிர்ந்த இடத்திலிருந்து நேரே வருவதாக இருந்தால், குறைந்தது இரண்டு வாரம் அதே வெயிலில் குட்டை நடை பழகியிருக்க வேண்டும்.

---

நாலுகால்:

விட்டுப்போன சில்லறை விஷயம் மூணு.

சாப்பாடு: கிளம்பறதுக்கு ரெண்டு மூணு மணி முன்னாடி பாதி வேளை, திரும்பி வந்து இரைப்பு அடங்கி ஒரு மணி கழிச்சு மிச்சம். நிறைஞ்ச வயித்தோட ஏறினா, அதுவும் மார்பு ஆழமான நாய்க்கு, வயிறு முறுக்கிக்கற ஆபத்து உண்டு. வழியில தின்பண்டம் கொடுத்தா கையில கொடுங்க. மணல்ல போட்டு எடுக்க வெச்சா ஒவ்வொரு துண்டோடயும் ஒரு சிட்டிகை மணல் உள்ள போகும். குடல் அடைப்பு வரைக்கும் போயிருக்கு.

தேங்கின தண்ணி: பாறைக் குழியில பச்சையா நீலமா பாசி படிஞ்சிருந்தா ஒரு வாய்கூட வேண்டாம், சில பாசி மணிக்கணக்குலயே நாயைக் கொல்லும். ஓரத்துல வெள்ளையா உப்புப் பூத்திருந்தாலும் அதே.

அனுமதி: கிளம்பறதுக்கு முன்னாடி பாதையை நிர்வகிக்கறவங்க விதியைப் படிங்க. அமெரிக்காவுல டெத் வேலி, ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காக்கள்ல பெரும்பாலும் நடைபாதையில நாய் கூடாது, சாலை, முகாமிடம் மாதிரி இடங்கள்ல மட்டும்தான். ஆனா ஒயிட் சாண்ட்ஸ்ல லீஷோட மணல்மேட்டுலயே நடக்கலாம். ஃபீனிக்ஸ் நகரப் பாதைகள்ல வெப்பம் 100 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டா, அதாவது 37.8 செல்சியஸ், அன்னிக்கு நாய்க்குத் தடை. அங்க தடை ஆரம்பிக்கற 37.8 வரைக்கும் பாதுகாப்புன்னு எடுத்துக்காதீங்க, உங்க நாய்க்கு அது ரொம்பவே ஜாஸ்தி.

---

புதுத்தடம்:

பாறை ஏற்றத்தை இந்தத் தடவை விட்டுடறேன். மணல்ல மட்டும் 7 கி.மீ., 5.35-க்குக் கிளம்பி எட்டரைக்குள்ள வண்டி. தண்ணீர் அவளுக்கு 1.2 லிட்டர் குடிக்க, 1.5 தனியா. சரிதானே?

இன்னொண்ணு, சீப்பு வீட்டுல இருக்கற பிளாஸ்டிக் சீப்பே போதுமா?

---

கல்தடம்:

சரி. 7 மணிக்குத் திரும்பல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

---

முள்வேலி:

போதாது. முதல் தள்ளலிலேயே பல் உடைந்து, உடைந்த துண்டு முள்ளோடு ரோமத்தில் நிற்கும். உலோகச் சீப்பு, பல்லுக்குப் பல் 3 மி.மீ. இடைவெளி, பிடி நீளமாக.